மிதிவண்டியில் சென்றவர் மீது வாகனம் மோதினால்: இழப்பீடு பெறச் சட்டம் காட்டும் வழி

புதுதில்லி: மிதிவண்டிக்குப் பதிவெண் இல்லை, காப்பீடு இல்லை, அதை ஓட்டுவதற்கு உரிமமும் தேவையில்லை. இதனாலேயே, காரோ லாரியோ மோதிக் காயமடைந்த மிதிவண்டி ஓட்டிகள் பலர், சட்டப்படி தமக்குக் கேட்பதற்கு எதுவுமில்லை என்று எண்ணிவிடுகின்றனர். மோதிய வாகனத்தின் உரிமையாளர் மருத்துவமனை வாசலில் நீட்டும் சில ஆயிரம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவோரும் உண்டு. மோட்டார் வாகனங்கள் சட்டம், 1988 இவர்களுக்கு அளித்திருக்கும் உரிமை அதைவிடப் பன்மடங்கு பெரிது.

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். உயிரிழந்தவர்களில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள். பள்ளி மாணவர்கள், பால் ஊற்றுவோர், கட்டடத் தொழிலாளர்கள், இரவுக் காவலர்கள் என, ஒரு மாத வருமானம் நின்றாலே குடும்பம் தள்ளாடும் நிலையில் உள்ளவர்களே இன்றும் பெருமளவில் மிதிவண்டியை நம்பியிருக்கின்றனர்.

மூன்றாம் நபர் என்ற உரிமை

மோட்டார் வாகனங்கள் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. காப்பீட்டு நிறுவனம் முதல் நபர், வாகன உரிமையாளர் இரண்டாம் நபர் என்றால், அந்த வாகனத்தால் பாதிக்கப்படும் வெளியாள் மூன்றாம் நபர். மிதிவண்டியில் சென்றவர் இந்த மூன்றாம் நபருக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அவரிடம் காப்பீடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மோதிய வாகனத்தின் காப்பீடே அவருக்கான பாதுகாப்பு. உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டும். நசுங்கிய மிதிவண்டியின் மதிப்பையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம்.

மின்சார மிதிவண்டி பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, விதிகளில் கூறப்பட்ட மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் வண்டி, மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதில் சென்று அடிபட்டவரும் சாதாரண மிதிவண்டி ஓட்டியைப் போலவே மனு செய்யலாம். ஆனால் அதே வண்டி ஒருவர் மீது மோதினால், அடிபட்டவர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தை நாட முடியாது; உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். இரண்டு மிதிவண்டிகள் மோதிக்கொண்டாலும் இதே நிலைதான்.

முதல் சில நாள்கள்

வழக்கின் பலம் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. சிகிச்சையே முதல் வேலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருத்துவமனையில் சேர்க்கும்போது, எவ்வாறு காயம் ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்கும் கேள்விக்கு அளிக்கப்படும் பதில் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பதற்றத்தில் உறவினர் ஒருவர் 'சைக்கிளிலிருந்து கீழே விழுந்துவிட்டார்' என்று மட்டும் கூறினால், வாகனம் மோதியதற்கான முதல் ஆவணச் சான்று அங்கேயே கைநழுவுகிறது. பல மாதங்கள் கழித்துத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக்காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். எந்த வகை வாகனம், எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு மோதியது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாகன எண் தெரிந்தால் அதையும் பதியச் செய்ய வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்கும் இப்போது ஒரு வழி உள்ளது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தின்படி, மோட்டார் வாகன விபத்தில் சிக்கிய எவரும், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்கள் வரை, ரூ.1.5 லட்சத்துக்கு மிகாமல், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறலாம். இத்திட்டத்தை விரைந்து வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 8-ஆம் தேதி உத்தரவிட்டிருந்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' என்ற மாநிலத் திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழிப்போக்கருக்குச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. சாட்சியாக வருமாறு அவரை வற்புறுத்த முடியாது.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவும் 125-ஆவது பிரிவும் காயம் ஏற்படுத்திய அஜாக்கிரதையான ஓட்டுதலுக்குப் பொருந்தும். வாகன உரிமையாளர் சமரசம் பேச வருவது இந்தக் கட்டத்தில்தான். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் தொகை, எலும்பு முறிவுக்கு நடக்கும் ஓர் அறுவை சிகிச்சைக்குக்கூடப் போதாது. காயத்தின் முழு விளைவு மருத்துவருக்கே தெரியவராத நிலையில் அத்தகைய காகிதத்தில் கையெழுத்திடாதிருப்பது நலம்.

மிதிவண்டியை உடனே பழுதுபார்க்கக் கூடாது. பின்சக்கரம் வளைந்திருந்தால் வாகனம் பின்னாலிருந்து மோதியதாகவும், முன்சக்கரம் சேதமடைந்திருந்தால் வேறு விதமாகவும் பொருள்கொள்ள இடமுண்டு. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை வரும்வரை வண்டியை அப்படியே வைத்திருப்பதும், பிரதிபலிப்பான், மணி, விளக்கு ஆகியவை தெரியுமாறு புகைப்படம் எடுத்துவைப்பதும் பின்னாளில் கைகொடுக்கும். அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் சில நாள்களிலேயே அழிந்துவிடக்கூடியவை. அவற்றைக் கைப்பற்றுமாறு விசாரணை அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கோரி, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

காவல்துறையின் கடமை

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, விபத்து பற்றிய தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் குறித்த படிவத்தை அவரிடம் பத்து நாள்களுக்குள் வழங்க வேண்டும். இடைக்கால அறிக்கைக்கு 50 நாள்களும், விரிவான விபத்து அறிக்கைக்கு 90 நாள்களும் வரம்பு. இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. காவல்துறை அனுப்பும் அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்க வேண்டும் என்றும் சட்டத்தின் 166(4) பிரிவு கூறுகிறது.

ஏட்டில் உள்ள இந்த வேகம் எல்லாக் காவல் நிலையங்களிலும் இருப்பதாகக் கொள்ள முடியாது. எனவே காவல்துறை அறிக்கைக்காகக் காத்திராமல் தனியாக மனு தாக்கல் செய்வதே பாதுகாப்பானது.

ஏனெனில் காலவரம்பு குறுகியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 166(3) பிரிவு, விபத்து நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்கிறது. இது 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. 1994-இல் நீக்கப்பட்ட காலவரம்பு, முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது என்பதே இதன் மீதான விமர்சனம். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு ஆறு மாதம் போதாது என்பது வெளிப்படை. இப்பிரிவை எதிர்த்த வழக்குகளில் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்த உச்ச நீதிமன்றம், காலம் கடந்த காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று தீர்ப்பாயங்களுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அறிவுறுத்தியது. ஆனால் அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே. ஆறு மாதக் கணக்கை மனத்தில் வைத்துச் செயல்படுவதே விவேகம்.

மனு எங்கே, எவ்வாறு?

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எதற்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். சூரத்தில் நெசவாலைக்கு மிதிவண்டியில் சென்றபோது அடிபட்டு, சொந்த ஊரான ஒடிசா கிராமத்துக்குத் திரும்பிவிட்ட தொழிலாளி, குஜராத்துக்கு அலைய வேண்டியதில்லை. வெளிமாநிலங்களில் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் இது பெரும் ஆறுதல்.

ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவர். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, விபத்து இடத்தின் வரைபடம், வாகன ஆய்வு அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டபோது தரப்பட்ட குறிப்பு, மருந்து ரசீதுகள், வயதுச் சான்று, வருமானச் சான்று ஆகியவை இணைக்கப்படும். மருந்துக் கடை ரசீதுகள் சில மாதங்களில் எழுத்து மங்கி வெற்றுத் தாளாகிவிடும் என்பதால், வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்வது நல்லது. நீதிமன்றக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டால் இழப்பீட்டு வழக்கும் முடிந்துவிட்டதாகக் கருதத் தேவையில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு எந்தப் பக்கம் கூடுதலாக உள்ளது என்பதைக் காட்டினால் போதும். உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைப் பல தீர்ப்புகளில் வலியுறுத்தியுள்ளது.

ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க இயலாதவர்களுக்கு 164-ஆவது பிரிவு உள்ளது. யார் தவறு என்ற கேள்விக்கே இடமின்றி, உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் இதன்படி கிடைக்கும். எலும்பு முறிவும், பல் முறிவும்கூடச் சட்டத்தின் பார்வையில் கொடுங்காயமே. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துடனான தீர்வு நடைமுறையில் இத்தொகையைப் பெற ஒப்புக்கொண்டால், 166-ஆவது பிரிவின்படி தாக்கல் செய்த மனு காலாவதியாகிவிடும். நிரந்தர ஊனம் ஏற்பட்ட இளைஞர் ஒருவருக்கு இது பெரிய இழப்பாக முடியலாம்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

காயமடைந்தவருக்கான இழப்பீட்டின் அடிப்படையை 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் தெளிவாக வகுத்தது. சிகிச்சை, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றுக்கான செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், நிரந்தர ஊனத்தால் எதிர்காலத்தில் இழக்கப்போகும் வருமானம், வருங்கால மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கையின் இயல்பான வசதிகளை இழந்தமை ஆகியவை தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும்.

இவற்றில் வழக்கின் தலையெழுத்தை மாற்றுவது எதிர்கால வருமான இழப்பு. மருத்துவச் சான்றிதழ் கூறும் ஊனச் சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்பதே அத்தீர்ப்பின் மையக் கருத்து. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், அவருடைய வருமான இழப்பு ஏறத்தாழ நூறு சதவீதம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால், வேலையே போகாமலிருக்கலாம். நீதிமன்றமே அளித்த எடுத்துக்காட்டு இது. எனவே மனுதாரர் தம் தொழிலை விளக்கும் முறை முக்கியமாகிறது. 'கூலித் தொழிலாளி' என்ற ஒரு சொல்லால் எதுவும் புரியாது. சாரத்தில் ஏறிச் சுவர் பூசுபவர், மடங்காத முழங்காலுடன் இனி ஏற முடியாது என்பதைச் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். சிகிச்சையளித்த மருத்துவரோ மருத்துவக் குழுவோ அதை உறுதிப்படுத்த வேண்டும். மருத்துவர் கூறும் சதவீதம் ஒரு காலுக்கு உரியதா, முழு உடலுக்கு உரியதா என்பதும் தெளிவாக்கப்பட வேண்டும்.

கணக்கு முறை இது. 32 வயதான கட்டடத் தொழிலாளி ஒருவரின் மாத வருமானம் ரூ.15,000 என்று கொள்வோம். 2017 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் வகுத்த விதிப்படி, 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கப்படும். காயமடைந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பின்வந்த தீர்ப்புகள் உறுதி செய்துள்ளன. ஆக மாதம் ரூ.21,000, ஆண்டுக்கு ரூ.2,52,000. வருமானத் திறன் இழப்பு 20 சதவீதம் என்றால் ஆண்டு இழப்பு ரூ.50,400. சரளா வர்மா வழக்கில் 2009-இல் நிர்ணயிக்கப்பட்ட அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரைக்கான பெருக்கி 16. ஆகவே இந்த ஓர் இனத்தில் மட்டும் ரூ.8,06,400. இழப்பு 40 சதவீதம் என்று நிறுவப்பட்டால் இதுவே ரூ.16,12,800 ஆகிறது. மருத்துவரின் சாட்சியத்தில் வரும் ஒரு சொல்லுக்கு எட்டு லட்சம் ரூபாய் மதிப்பு.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், 2008-ஆம் ஆண்டு விபத்துக்கு மாத வருமானம் ரூ.6,500 என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அமைப்புசாராத் தொழில் செய்பவரிடம் வருமான ஆவணம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதே அதன் நிலைப்பாடு. இல்லத்தரசியின் உழைப்பைத் தினக்கூலியின் வருமானத்தைவிடக் குறைவாக மதிப்பிடக் கூடாது என்று 2024-இல் கூறியது. பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் சிறார்களைப் பொறுத்தவரை, அந்த மாநிலத்தில் திறன்பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியத்தையே வருமானமாகக் கொள்ள வேண்டும் என்று 2025-இல் தீர்ப்பளித்தது. சிறார் சார்பில் பெற்றோரே மனு செய்ய வேண்டும்.

கேட்ட தொகைக்கு மேல் கிடைக்காது என்பதும் தவறான எண்ணம். நியாயமான இழப்பீடு எதுவோ அதை வழங்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. மனுவில் கோரியதைவிட அது கூடுதலாகவும் இருக்கலாம் என்று 2002-2003 காலகட்டத்திலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

'சைக்கிள்காரர் குறுக்கே வந்தார்'

காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் எடுக்கும் வாதம் இது. தவறான திசையில் வந்தது, கைச்சைகை காட்டாமல் திரும்பியது, இருளில் விளக்கின்றிச் சென்றது ஆகியவை நிரூபிக்கப்பட்டால், அந்த அளவுக்கு இழப்பீடு குறையும். 25 சதவீதம் அவர் மீதும் தவறு என்று முடிவானால், பத்து லட்சம் ஏழரை லட்சமாகும். முழுத் தொகையும் மறுக்கப்படுவதில்லை. அதை நிரூபிக்கும் பொறுப்பு அவ்வாறு கூறும் தரப்பையே சாரும். விபத்து இடத்தின் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு காயமடைந்தவர் மீது பழியைச் சுமத்த இயலாது.

தலைக்கவசம் அணியவில்லை என்ற வாதமும் சில வழக்குகளில் எழுகிறது. மோட்டார் வாகனங்கள் சட்டத்தின் 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மிதிவண்டி ஓட்டி அதை அணியாதது அப்பிரிவை மீறிய செயலாகாது. உயிர் காக்கும் பொருள் என்ற வகையில் அணிவது நல்லது என்பது வேறு விஷயம்.

மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனம்

அடையாளம் தெரியாத வாகனம் மோதிய வழக்குகளில் 161-ஆவது பிரிவின் கீழ் உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும், கொடுங்காயத்துக்கு ரூ.50,000-மும் வழங்கப்படும். 2022 ஏப்ரல் 1-க்கு முன் இத்தொகை முறையே ரூ.25,000, ரூ.12,500 என்ற அளவில் இருந்தது. விபத்து நடந்த பகுதியின் கோரிக்கை விசாரணை அதிகாரியிடம், அதாவது கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ளவரிடம் விண்ணப்பிக்க வேண்டும்; தொகையை அனுமதிப்பவர் மாவட்ட ஆட்சியர். வழக்கறிஞரோ நீதிமன்றமோ தேவையில்லை.

இவ்வளவு எளிய திட்டத்தைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பதை உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரி 12-ஆம் தேதித் தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. 2022-ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான இவ்வகை விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205. தீர்வு கண்டவை 95. மக்களுக்குத் திட்டம் இருப்பதே தெரியவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் காண்பது கடினம். வாகனம் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்படாவிட்டால், இத்திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று காவல்துறைக்கு நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. பின்னர் வாகனம் பிடிபட்டு, தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைத்தால், முன்னர் பெற்ற தொகை அதில் கழிக்கப்படும்.

வாகனம் பிடிபட்டும் அதற்குக் காப்பீடு இல்லையெனில் உரிமையாளரே பொறுப்பு. அவரிடம் வசூலிப்பது எளிதன்று. இதனால்தான், காப்பீடு இல்லாத வாகனத்தை உரிய பிணை இன்றி விடுவிக்கக் கூடாது, தேவையெனில் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் இயற்றுமாறு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது. வாகனம் காவல் நிலையத்தில் நிற்கும்போதே இக்கோரிக்கையை எழுப்ப வேண்டும். ஓட்டுநருக்கு உரிமம் இல்லை போன்ற குறைகள் இருந்தாலும், முதலில் தொகையைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிடுவது வழக்கத்தில் உள்ளது.

பள்ளம், திறந்த சாக்கடை

எந்த வாகனமும் மோதாமல், சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்தவரின் நிலை வேறு. தீர்ப்பாயம் இங்கு உதவாது. சாலையைப் பராமரிக்க வேண்டிய மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை அல்லது ஒப்பந்ததாரர் மீது உரிமையியல் வழக்கோ, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ தாக்கல் செய்ய வேண்டும். அரசு மீது வழக்குத் தொடர்வதற்கு முன் பொதுவாக இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டியுள்ளது. சில வகை வழக்குகளுக்கு ஓராண்டே காலவரம்பு. மகாராஷ்டிரத்தில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், சாலைப் பள்ளத்தாலும் திறந்த சாக்கடைக் குழியாலும் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு ரூ.6 லட்சமும், காயமடைந்தோருக்குக் காயத்தின் தன்மைக்கேற்ப ரூ.50,000 முதல் ரூ.2.5 லட்சம் வரையிலும் வழங்க உத்தரவிட்டது. பிற மாநிலங்களில் இதுபோன்ற வழக்குகள் தனித்தனியே போராடித்தான் வெல்லப்படுகின்றன.

வழக்கறிஞர், தரகர், மக்கள் நீதிமன்றம்

மருத்துவமனை வார்டுகளில் வழக்கறிஞரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் தரகர்களைப் பலரும் பார்த்திருப்பர். கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று பேரம் பேசப்படுகிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பெறுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களையோ காசோலைகளையோ எவரிடமும் கொடுக்கக் கூடாது. பெண்கள், சிறார், மாற்றுத் திறனாளிகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. தொலைபேசி உதவி எண் 15100.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொண்டால் பணம் விரைவில் வரும். ஆனால் அங்கு ஒப்புக்கொண்ட தொகையே இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. சிகிச்சை முற்றுப்பெற்று, ஊனச் சதவீதம் உறுதியான பின்னரே அங்கு செல்வது பொருத்தம். உள்ளே உலோகத் தகடு பொருத்தப்பட்டவர், அதை அகற்றுவதற்கான அறுவை சிகிச்சைச் செலவையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

பணியின்போது விபத்தில் சிக்கிய தொழிலாளிக்குத் தொழிலாளர் இழப்பீடு கோரும் வழியும் திறந்திருக்கும். இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்கிறது 167-ஆவது பிரிவு.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு வந்த 30 நாள்களுக்குள் தொகை செலுத்தப்பட வேண்டும். மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி வழங்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. தொகை குறைவு என்று கருதுபவர் 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; பிரச்சினைக்குரிய தொகை ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மேல்முறையீடு இல்லை. எதிர்த்தரப்பு பணம் செலுத்தாவிட்டால், தீர்ப்பாயம் அளிக்கும் சான்றிதழின் பேரில் மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தருவார்.

வழக்கில் வென்றும் பணம் போய்ச் சேராதவர்கள் ஏராளம். முகவரி மாறியதாலும், தீர்ப்பு வந்தது தெரியாததாலும், தீர்ப்பாயங்களில் பெருந்தொகை கோருவாரின்றித் தேங்கிக் கிடப்பதை அறிந்த உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரலில் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், மனுதாரரின் முகவரி, ஆதார், பான் எண், வங்கிக் கணக்கு விவரங்கள் ஆகியவற்றை மனுவிலேயே பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. வங்கிக் கணக்கோ வீட்டு முகவரியோ மாறினால், வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், தீர்ப்பாய அலுவலகத்திலும் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.